பெங்களூரில் வீடு எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்ததும் சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் புறப்பட்டு வரும் பிள்ளைகள், யார் மூலமாகவோ என் எண்ணை வாங்கி எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, எந்த ஏரியாவில் வாடகை குறைவு?" வாடகையைப் பற்றிக் கடைசியில் பேசலாம் என்பேன். 1809-ல் இங்கே கன்டோன்மென்ட் அமைந்த காலத்திலிருந்து தமிழர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பட்டாளத்தோடு வந்தார்கள், பின்னி மில்லுக்கு வந்தார்கள், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் என்று வேர்விட்டார்கள். அப்போது வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அத்தையோ பெரியப்பாவோ இருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபூர் ரோட்டிலும் தனியாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. முதலில் தண்ணீரைக் கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. நகரத்தை ஒட்டிப் பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. 1894-ல் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இரண்டும் அர்க்காவதி ஆற்றின் தண்ணீர். ஊர் பெருத்துப்போனதும் அது போதவில்லை. 1974-ல் காவிரி வந்தது. டி.கே. ஹள்ளி என்று சுருக்கிச் சொல்லும் தொறேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் மேட்டுக்கு, கட்டம் கட்டமாக மோட்டார் வைத்து ஏற்றி இந்தத் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள். மின்சாரம் நின்றாலோ, வழியில் ஒரு குழாய் உடைந்தாலோ அந்த வாரம் முழுவதும் கணக்குத் தப்பிவிடும்.

காவிரித் திட்டத்தின் முதல் நான்கு கட்டங்களில் நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டர் வந்தது. அது பெரும்பாலும் பழைய நகரத்துக்கே சரியாக இருந்தது. வர்த்தூர், பெல்லந்தூர் உள்பட 110 கிராமங்களை 2007-ல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். நீங்கள் வேலை பார்க்கப் போகும் கம்பெனிகள் பலவும் அந்தப் பக்கம்தான். அங்கே வருஷக்கணக்காக ஆழ்துளைக் கிணறும் லாரியும்தான் கதி. 2024 அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டம் திறந்தார்கள், நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல். அந்தக் கிராமங்களை மனத்தில் வைத்துச் செய்த திட்டம் அது. ஆனால் தெருவில் குழாய் போட்டிருப்பது வேறு, வீட்டுக்காரர் பணம் கட்டி இணைப்பு வாங்கியிருப்பது வேறு. "காவேரி வந்துடுச்சு" என்று புரோக்கர் சொன்னால் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தக் கட்டடத்துக்கு இணைப்பு இருக்கிறதா? வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறது? எத்தனை மணி நேரம் வருகிறது? சம்ப் என்னும் தரையடித் தொட்டி எவ்வளவு கொள்ளும்? பதிலை அவரிடம் கேட்டதோடு விடாமல் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் கேளுங்கள். அவருக்கு எல்லா வீட்டுத் தண்ணீர்க் கதையும் தெரியும்.

2. குழாயின் வாயைப் பாருங்கள்.

வீட்டுக்குள் போனதும் ஹால் எவ்வளவு பெரிது என்று பார்க்கத்தான் கண் போகும். நீங்கள் நேராகக் குளியலறைக்குப் போங்கள். ஷவரின் சின்னச் சின்ன ஓட்டைகளைச் சுற்றியும் குழாயின் வாயிலும் வெள்ளையாக, சுரண்டினால் பொடியாக உதிரும்படி உப்புப் படிந்திருந்தால் அந்த வீடு போர் தண்ணீரில் ஓடுகிறது என்று அர்த்தம். டைல்ஸில் பழுப்பு வழிசல் இருந்தால் இரும்பும் சேர்ந்திருக்கிறது. கெய்சரின் காயில் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷின் போகும், தலைமுடி கொட்டுகிறது என்று பிள்ளைகள் புலம்பும். பிறகு சம்ப் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போன் வெளிச்சத்தில் அடி தெரிய வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கும் சம்ப்புக்கும் எத்தனை அடி தூரம் என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். மூடியைத் திறக்கத் தயங்கும் ஓனர் வீடு வேண்டாம்.

குளிர்காலம் இங்கே நிஜமான குளிர்காலம். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அதன் வெந்நீர் எல்லா வீட்டுக்கும் வருமா, மேல்வீட்டு ஓனருக்கு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

3. லாரித் தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

2023-ல் மழை பொய்த்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் ஊர் திண்டாடிப்போயிற்று. அரசின் ஆழ்துளைக் கிணறுகள் சுமார் 13,900-ல் 6,900 வற்றிப்போயின என்று துணை முதல்வரே சொன்னார். பெரிய பெரிய அடுக்குமாடிகளில் நேரம் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். லாரிக்காரர்கள் கேட்டதுதான் விலை என்றானதும் மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. வாரியத்தை இங்கே ஜலமண்டளி என்பார்கள், புகாருக்கு 1916.

மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் வீடு எடுப்பவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஏப்ரல் வந்ததும் "இந்த மாதம் டேங்கர் எட்டு வந்தது, உங்கள் பங்கு இவ்வளவு" என்று சீட்டு வரும். பங்கை ஆளுக்கா, வீட்டுக்கா, மீட்டருக்கா, எப்படிப் பிரிக்கிறார்கள்? இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஏழு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பங்கு என்றால் ஆரம்பத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தண்ணீர் மீட்டர் இருக்கும் அடுக்குமாடி கிடைத்தால் ஆயிரம் ரூபாய் வாடகை கூடுதலானாலும் எடுங்கள் என்பது என் கருத்து. அளக்கும் இடத்தில் சண்டை குறைவு, சிக்கனம் தானாக வரும்.

4. குடிக்கத் தெருமுனையில் காசு போட்டுப் பிடிக்கும் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருபது லிட்டர் கேன் வாங்குவதைவிட அது மிகவும் மலிவு.

5. மின்சாரத்துக்கு மீட்டர் பெட்டியிடம் போய் நில்லுங்கள்.

இந்த ஊர் விளக்குக்கும் காவிரிதான் மூலம் என்பது பலருக்குத் தெரியாது. சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902-ல் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. வடஆர்க்காட்டிலிருந்து போன நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் பூமிக்கடியில் பாறை உடைத்துக்கொண்டிருந்த இடம் அது. மூன்று வருஷம் கழித்து, 1905-ல்தான் பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு வந்தது.

இப்போது மின்விநியோகம் பெஸ்காம் கையில். ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துப் பழகியவர்கள், இங்கே மாதாமாதம் பில் வரும் என்பதை மனத்தில் வையுங்கள். மீட்டர் பார்ப்பவர் வாசலிலேயே பில்லை அச்சடித்துச் செருகிவிட்டுப் போவார். அதில் ஆர்.ஆர். நம்பர் என்று ஒன்று இருக்கும். அதையும் பத்து இலக்கக் கணக்கு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். எதற்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். கரண்ட் போனால் 1912.

வீட்டை முடிவுசெய்யும் முன் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குள் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். கீழே போய், உங்கள் வீட்டு மீட்டர் என்று ஓனர் காட்டும் மீட்டரில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். வீட்டில் எதுவும் ஓடாதபோது அது சிமிட்டக் கூடாது. சிமிட்டிக்கொண்டே இருந்தால் மாடிப்படி விளக்கோ, சம்ப் மோட்டாரோ, பக்கத்து அறையோ உங்கள் மீட்டரில் மாட்டியிருக்கிறது. உடனே ஓனரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பல கட்டடங்களில் வயரிங் செய்தவர் விட்ட தவறு, ஓனருக்கே தெரிந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். தனி மீட்டர் இல்லை, சப்-மீட்டர்தான் என்றால் யூனிட்டுக்கு என்ன விலை என்று கேளுங்கள். பெஸ்காம் விலையைவிடக் கூடுதலாக வாங்கும் ஓனர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. வருஷத்தில் ஒருமுறை பில்லோடு கூடுதல் டெபாசிட் என்று ஒரு தொகை வரலாம். அது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில் சேரும் பணம். இணைப்பு ஓனர் பெயரில் இருந்தால் அதை அவர்தான் கட்ட வேண்டும். நீங்கள் கட்ட நேர்ந்தால் வாடகையில் கழித்துக்கொள்வதாக ஒரு வாட்ஸ்ஆப் செய்தியாவது வாங்கி வையுங்கள்.

6. கிருஹ ஜோதி வாடகைதாரருக்கும் உண்டு.

2023-ல் கர்நாடக அரசு தொடங்கிய திட்டம் இது. 200 யூனிட்வரை மின்கட்டணம் இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது: 2022-23-ல் அந்த மீட்டர் மாதச் சராசரியாக எவ்வளவு ஓடியதோ அதற்குமேல் பொதுவாகப் பத்து சதவீதம் சேர்த்துத்தான் உங்கள் இலவச அளவு. அதைத் தாண்டினால் தாண்டியதற்குக் கட்ட வேண்டும். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். பழைய கணக்கே இல்லாத புது மீட்டருக்கு மாநிலச் சராசரியான 53 யூனிட்டை வைத்துக் கணக்கிடுவார்கள். சேவா சிந்து தளத்தில் ஆதார், இணைப்பு எண், வாடகை ஒப்பந்தம் வைத்துப் பதியலாம். இணையம் கைவராதவர்கள் பெங்களூரு ஒன் மையத்துக்குப் போகலாம்.

முன்பு குடியிருந்தவரின் ஆதார் அந்த மீட்டரோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களால் பதிய முடியாது. வீடு மாறுபவர்கள் பழைய இணைப்பை விடுவிக்க 2024-ல் வழி செய்தார்கள். பழையவரை விடுவிக்கச் சொல்லி ஓனர் மூலம் கேளுங்கள்.

7. கேஸ் இணைப்பை ஊரில் அப்படியே போட்டுவிட்டு வராதீர்கள்.

அப்பா அம்மா ஊரிலேயே இருந்து சமைத்தால் அது அவர்களுக்கு வேண்டும், விட்டுவிடுங்கள். குடும்பத்தோடு பெயர்ந்து வருபவர்கள் மட்டும் பழைய ஏஜென்சிக்குப் போய் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படையுங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தந்து டெர்மினேஷன் வவுச்சர் கொடுப்பார்கள். அந்தக் காகிதத்தை இங்குள்ள ஏஜென்சியில் காட்டி, இன்றைய டெபாசிட்டைக் கட்டினால் அதே இணைப்பு இங்கே தொடரும். ரசீதில் இருக்கும் டெபாசிட் தொகையைச் சரிபாருங்கள். அடுப்பும் டியூபும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் கட்டாயமில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

தனியாக வந்து ஒரு ரூமில் தங்கும் பிள்ளைகளுக்கு 5 கிலோ சோட்டு சிலிண்டர் போதும். முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை இருந்தால் கொடுப்பார்கள். பெட்டிக்கடையில் சின்னச் சிலிண்டரில் கேஸ் ஏற்றித் தருகிறார்கள் என்று அங்கே போகவே போகாதீர்கள். அது வெடித்து உயிர் போன வீடுகள் உண்டு. பல பகுதிகளில் கெயில் கேஸ் நிறுவனத்தின் குழாய் கேஸ் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் இருந்தால் முன்பிருந்தவரின் பாக்கி முழுவதும் தீர்ந்ததா என்று பார்த்து மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. அட்வான்ஸ்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது இந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கிவருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஆடியில் குடிபோகத் தயங்குவது நம் வழக்கம் என்றால் இங்கே ஆஷாடத்திலும் அப்படித்தான். அந்த மாதம் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குப் பேரம் படியும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழிப்பார்கள். அது எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குடிபோகும் நாளன்று சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள்.

ஒப்பந்தம் ஏன் பதினொரு மாதம் என்று கேட்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பதினொன்று. வாடகைக்கு அது பரவாயில்லை. லீஸுக்கு அது கூடாது. நம் பக்கம் ஒத்தி என்பதைத்தான் இங்கே லீஸ் என்கிறார்கள்: பத்து லட்சம், இருபது லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. தையல் வேலை செய்து, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தை அப்படிக் கொடுத்துவிட்டு, அந்த வீடு முன்பே வங்கியில் அடமானம் என்று பிறகு தெரிந்து நடுத்தெருவில் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். லீஸ் என்றால் பத்திரப்பதிவுத் துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். பணத்தை ஓனரின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். நடுவில் நிற்கும் நிறுவனத்திடமோ புரோக்கரிடமோ கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பதிய மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

9. குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். ஈரக் குப்பை பச்சை வாளி, காய்ந்தது தனி, நாப்கினும் டயப்பரும் தாளில் சுற்றி மூன்றாவது. இந்த ஊர்க் குப்பையில் பெரும் பகுதியைக் கொண்டுபோய்க் கொட்டிய மண்டூர் கிராமத்து மக்கள் நோயோடும் நாற்றத்தோடும் போராடி, 2014 முடிவில்தான் அதை நிறுத்த முடிந்தது. காலை ஏழு மணிக்கு ஆட்டோவோடு வரும் அந்த அம்மாக்களில் பலர் தமிழும் தெலுங்கும் பேசுபவர்கள். கலந்து கொடுத்தால் அதை வெறும் கையால் பிரிப்பது அவர்கள்தான்.

10. கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள்.

தமிழும் ஆங்கிலமும் வைத்து இங்கே காலம் தள்ளிவிடலாம், தள்ளியவர்கள் நிறைய. ஆனால் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேன், லைன்மேன், போஸ்ட்மேன், ஓனரின் வயதான அம்மா, இவர்களெல்லாம் கன்னடத்தில்தான் உங்கள் வீட்டு மனிதர்கள் ஆவார்கள். "நீரு பந்தில்லா அண்ணா", "கரண்ட் யாவாக பர்த்தெ?" என்று நீங்கள் தடுமாறிக் கேட்டாலே முகம் மலர்ந்து இரண்டு மடங்கு பதில் சொல்வார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து மொழி, ஆறு மாதத்தில் காதில் ஏறிவிடும்.

காவிரி விவகாரம் சூடாகும் நாட்களும் வரும். 1991 டிசம்பரில், நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த பிறகு நடந்த வன்முறையில் உயிர்கள் போயின. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போயின. 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. அதே ஊரில்தான் 1991 முதல் மூடிக்கிடந்த அல்சூர் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். பதற்றமான நாளில் டி.என். வண்டியை வெளியே எடுக்காதீர்கள். போனில் வரும் வீடியோக்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆபீசில் வாதத்தில் இறங்காதீர்கள். நீங்கள் இங்கே குடிப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். மண்டியா விவசாயிக்கும் தஞ்சாவூர் விவசாயிக்கும் உள்ள வலியை ஒன்றுபோல நினைத்துப் பார்க்க உங்களைவிடத் தகுதியானவர் யார்?

11. வண்டியை ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதாக இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, பிறகு தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதியைத் திருப்பிக் கேளுங்கள். அலைச்சல்தான். வேலை நிலைக்குமா என்று பார்த்துவிட்டு எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் தொடங்குங்கள்.

12. கட்டட வேலைக்கும் தையல் ஆலைக்கும் வருபவர்கள் ரேஷன் கார்டை ஊரில் பூட்டி வைக்க வேண்டாம். முன்னுரிமை அட்டையும் அந்தியோதயா அட்டையும் உள்ளவர்கள் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம்.

13. வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். கடைசி நாள் மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து, அன்றுவரைக்குமான பணத்தைக் கட்டி, ரசீதை ஓனருக்கு அனுப்புங்கள். கிருஹ ஜோதியிலிருந்து உங்கள் ஆதாரை விடுவியுங்கள். இல்லையென்றால் புது வீட்டில் நீங்கள் பதிய முடியாது, இங்கே வருபவரும் பதிய முடியாது. அட்வான்ஸ் கணக்கு தீர்ந்து பணம் வங்கியில் விழுந்த பிறகு சாவியைக் கொடுங்கள். தண்ணீர் எந்த நாள் வரும், மோட்டார் சுவிட்ச் எங்கே, வால்வ்மேன் எண் என்ன, எந்த லாரிக்காரர் நியாயமானவர் என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறை அலமாரிக்குள் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்து வருவது ஒடிசாப் பிள்ளையாக இருக்கலாம், தேனிப் பிள்ளையாக இருக்கலாம், ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.